பாடகர் இல்லாத பாப் இசைக்குழு!

2014 ஜனவரி 26, லாஸ் ஏஞ்சலிஸ். 56-வது கிராமி விருதுகள். ‘சிறந்த ஆர் அண்ட் பி’ படைப்புக்கான போட்டியில் ஐந்து பெயர்கள். மிகேலும் கென்ட்ரிக் லமாரும் சேர்ந்து செய்த பாட்டு ஒன்று. டமார் பிராக்ஸ்டன், ஆன்டனி ஹாமில்டன் என்று அமெரிக்க ரேடியோவுக்கு நன்கு பழகிய குரல்கள் இரண்டு. மீதி இரண்டும் இசைக்குழுக்கள். மெல்போர்னிலிருந்து வந்த ஹயேட்டஸ் கயோட்டி, டெக்சாஸில் பிறந்த ஸ்நார்க்கி பப்பி. இரண்டுமே சுயாதீனமாகக் கிளம்பியவை, இரண்டுமே ஜாஸைக் கரைத்துக் குடித்தவை. விருதைத் தட்டிச் சென்றது ஸ்நார்க்கி பப்பி. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவில் பாடகர் என்று ஒருவர் கிடையவே கிடையாது. அன்று வென்ற ‘சம்திங்’ பாட்டைப் பாடிய லேலா ஹாத்தவே விருந்தாளியாக வந்தவர்.

குழுவின் தலைவர், பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக்கேல் லீக், தங்களை ஜாஸ் குழு என்று அழைப்பதை அவ்வளவாக ரசிப்பதில்லை. நிறைய மனோதர்மம் செய்கிற, பாட்டு வரிகள் இல்லாத ஒரு பாப் குழு என்கிற அர்த்தத்தில்தான் அவர் பேசி வந்திருக்கிறார். கேட்டால் அவர் சொல்வது சரியென்றே படுகிறது. நம் சினிமாப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் திரும்பி வராமலே போய்விட்டால், அந்த இடையிசையே பல்லவியும் சரணமுமாக எட்டு நிமிடம் வளர்ந்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் ஸ்நார்க்கி பப்பி. முணுமுணுக்க ஒரு மெட்டு நிச்சயம் உண்டு. டிரம்பட்டும் சாக்ஸபோனும் அதைச் சேர்ந்து ‘பாடும்’. அதன் அடியில் காலைத் தட்ட வைக்கும் ஒரு தாளம். இவற்றுக்கு நடுவில் யாராவது ஒருவர் கயிற்றை அறுத்துக்கொண்டு பறப்பார்.

இந்த ஒலி ஏதோ ஓர் இசைக் கல்லூரியின் பாடத்திட்டத்தில் விளைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதி டல்லாஸ் நகரத்துக் கறுப்பின மக்களின் சர்ச்சுகளில் இருக்கிறது. குழுவை உருவாக்கியது கல்லூரி என்றால், அந்தக் குழுவுக்கு ஒரு ஒலியைக் கொடுத்தது சர்ச்.

மணிக்கணக்கில் ஒரு வரிசை

டல்லாஸிலிருந்து வடக்கே போனால் டென்டன். அங்கே இருக்கும் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம்தான் அமெரிக்காவில் முதன்முதலாக ஜாஸுக்குப் பட்டப்படிப்பு தொடங்கிய இடம். ஆண்டு 1947. ஜாஸ் என்ற சொல்லுக்கு அப்போது மரியாதை இல்லாததால் ‘நடன இசைக்குழு’ என்ற பெயரில்தான் பட்டம் கொடுத்தார்கள். நம் ஊரிலும் ‘கௌரவமான’ இசை எது என்பதில் இப்படிப்பட்ட கூத்துகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

அங்கே மாணவர் குழுக்களுக்குப் பெயர் வைப்பதே ஒரு தினுசு. பகல் ஒரு மணிக்குப் பயிற்சி செய்யும் குழுவின் பெயர் ‘ஒன் ஓ கிளாக்’. இரண்டு மணிக்கு வருவது ‘டூ ஓ கிளாக்’. இப்படியே மணி ஏற ஏற அந்தஸ்து இறங்கும். ஒரு மணிக் குழுவில் இடம் பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். பண்டிட் ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸ் இதே பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ படித்தவர். பாதியில் கிளம்பி நியூயார்க் போய், 2002-ல் ‘கம் அவே வித் மீ’ ஆல்பம் வெளியிட்டார். ஜாஸ் வாசம் வீசும் பாப் பாட்டு உலகம் முழுக்க விற்கும் என்று அந்த ஆல்பம் நிரூபித்தது.

மைக்கேல் லீக் அந்த ஒரு மணிக் குழுவின் ஆள் இல்லை. 1984-ல் கலிபோர்னியாவில் பிறந்து, டென்டனுக்குப் படிக்க வந்தவர். 2004-ல் சக மாணவர்கள் பத்துப் பேர் அளவில் சேர்த்துக்கொண்டு, தான் எழுதும் மெட்டுகளை வாசிக்க ஒரு குழுவைத் தொடங்கினார். ஆரம்பகால வாசிப்பில் புத்திசாலித்தனம் நிறைய. சிக்கலான கணக்கு, வேகமான விரல்கள், கல்லூரி மாணவர்களுக்கே உரிய ‘பார், என்னால் இது முடியும்’ என்கிற தோரணை. 2006-ல் வந்த ‘தி ஒன்லி கான்ஸ்டன்ட்’ ஆல்பத்தை இன்று கேட்டால் திறமையான பையன்கள் என்று தோன்றும். அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம்

மாற்றம் வந்தது டல்லாஸில். அந்த நகரத்துக்கு என்று ஓர் இசை மரபு இருக்கிறது. டிரம்பட் மேதை ராய் ஹார்க்ரோவ், பாடகி எரிக்கா படு, மேலே சொன்ன நோரா ஜோன்ஸ் மூவரும் டல்லாஸின் புக்கர் டி. வாஷிங்டன் கலைப் பள்ளியில் படித்தவர்கள். ஜாஸும் சோலும் ஹிப்ஹாப்பும் அங்கே தனித்தனி அறைகளில் வசிப்பதில்லை. 2003-ல் ஹார்க்ரோவ் ‘ஹார்ட் க்ரூவ்’ என்ற ஆல்பத்தில் இவை எல்லாவற்றையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். எரிக்கா படுவும் டிஏஞ்சலோவும் அதில் பாடினார்கள். கீபோர்டு வாசித்தவர்களில் ஒருவர் பெர்னார்ட் ரைட்.

இந்த ரைட்தான் நம் கதையில் குரு. நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். 1981-லேயே, பதின்பருவத்தில், சொந்த ஆல்பம் வெளியிட்டவர். மைல்ஸ் டேவிஸின் ‘டூட்டூ’வில் வாசித்தவர். பிற்பாடு டல்லாஸில் குடியேறி, சர்ச்சிலும் கிளப்பிலும் வாசித்துக்கொண்டிருந்தார். டென்டனிலிருந்து வந்த வெள்ளைக்கார இளைஞன் லீக்கை அவர் தன் வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார். அந்த வட்டத்தில் ராபர்ட் ‘ஸ்புட்’ சியரைட் என்ற டிரம்ஸ் கலைஞர் இருந்தார். அவருடைய அம்மா லிண்டா சியரைட் உருவாக்கிய ‘காட்ஸ் பிராப்பர்ட்டி’ என்ற பாடற்குழு, கர்க் ஃபிராங்க்ளினோடு சேர்ந்து 1997-ல் பாடிய ‘ஸ்டாம்ப்’, சர்ச் பாட்டாக இருந்தும் எம்டிவியில் ஓடியது. கீபோர்டு கலைஞர் ஷான் மார்ட்டினும் ஃபிராங்க்ளினோடு பல காலம் வேலை செய்தவர். இவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக ஸ்நார்க்கி பப்பிக்குள் வந்தார்கள்.

சர்ச்சில் அப்படி என்ன கற்றுக்கொள்ள முடியும்? அங்கே பெரும்பாலும் தாளில் எழுதிய இசை இருக்காது. போதகரின் குரல் உயரும்போது ஆர்கன் பின்னாலேயே உயர வேண்டும். பாடகி திடீரென்று அரைச் சுருதி ஏற்றினால் ஒரு கணமும் தாமதிக்காமல் எல்லோரும் ஏற வேண்டும். சபையில் ஒரு மூலையில் ஒருவர் எழுந்து ஆடத் தொடங்கினால் டிரம்ஸ் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். முடிந்துவிட்டது என்று நினைத்த பாட்டு மறுபடியும் தொடங்கும். வாசிப்பவர் காது தன் வாத்தியத்தில் இருந்தால் அன்றைக்கு அவர் கதை முடிந்தது. மற்றவர்கள் மேல்தான் இருக்க வேண்டும். தனி வாசிப்பில் எத்தனை ஸ்வரம் போட்டாய் என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. ஜனங்கள் எழுந்தார்களா இல்லையா என்பதே கணக்கு.

இன்னொன்றும் அங்கே கிடைத்தது. அடி விழ வேண்டிய இடத்துக்கு மயிரிழை அளவு தள்ளி விழும் அந்த டல்லாஸ் நடை. காகிதத்தில் எழுதவே முடியாத சங்கதி அது. கல்லூரிப் பிள்ளைகளின் துல்லியத்தோடு இந்தச் சோம்பல் கலந்தபோதுதான் ஸ்நார்க்கி பப்பியின் இசைக்கு எலும்போடு சதையும் சேர்ந்தது. ‘டெல் யுவர் ஃபிரெண்ட்ஸ்’ (2010), ‘கிரவுண்டப்’ (2012) இரண்டு ஆல்பங்களையும் அந்த 2006 ஆல்பத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், வித்தியாசம் புரியும். கணக்கு இன்னும் சிக்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு போடுவது கேட்பவருக்குத் தெரிவதில்லை.

ரசிகரையும் ஸ்டூடியோவுக்குள் கூப்பிடு

2010-லிருந்து அவர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஆல்பம் பதிவு செய்யும்போது ஸ்டூடியோவுக்குள்ளேயே ரசிகர்களை உட்கார வைப்பது. மேடை, அரங்கு என்று பிரிக்காமல், டிரம்ஸுக்கு அருகில், கீபோர்டுக்கு முன்னால், வாசிப்பவர் வியர்வை தெறிக்கும் தூரத்தில் நாற்காலிகள். ஒவ்வொரு ரசிகர் காதிலும் ஒரு ஹெட்போன்.

ஹெட்போன் எதற்கு? கீபோர்டும் பேஸும் கம்பி வழியாக நேராக ஒலிப்பதிவுக் கருவிக்குப் போய்விடும். அறையில் சும்மா உட்கார்ந்திருந்தால் டிரம்ஸும் ஊதுகருவிகளும் மட்டும் காதைக் கிழிக்கும், மற்றவை காதில் விழவே விழாது. ஹெட்போன் வழியாகக் கலைஞர்கள் கேட்கும் அதே கலவை ரசிகருக்கும் போகிறது. ஆக, ஆல்பத்தில் என்ன வரப்போகிறதோ அது பிறக்கும் நொடியிலேயே அவர் கேட்கிறார். பிறகு ஒட்டுப்போடுவது, மாற்றி வாசித்துச் சேர்ப்பது கிடையாது. கூடவே கேமராக்களும் ஓடும். ஒரே உழைப்பில் ஆல்பமும் ஆச்சு, வீடியோவும் ஆச்சு.

இதில் சிக்கனம் மட்டும் இல்லை. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது வாசிப்பவர் வேறு மாதிரி வாசிப்பார். நல்ல இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு ‘பலே’ வந்தால் வித்வானுக்கு அடுத்த ஆவர்த்தனம் தானாக வரும் என்பது கச்சேரி கேட்கிறவர்களுக்குத் தெரியாததா? ஸ்டூடியோவின் நான்கு சுவருக்குள் பல காலமாக அடைபட்டிருந்த ஒலிப்பதிவுக்கு அந்தப் பலேயைத் திருப்பிக் கொடுத்ததுதான் இவர்கள் செய்த பெரிய காரியம் என்பேன்.

2013 அக்டோபரில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், கைட்டோப்பியா ஸ்டூடியோவில் ‘வி லைக் இட் ஹியர்’ ஆல்பத்தை இப்படித்தான் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் வாசித்தவர் டொராண்டோவைச் சேர்ந்த லார்னெல் லூயிஸ். கடைசி நேரத்தில் அழைப்பு வர, விமானப் பயணத்திலேயே பாட்டுகளைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தவர். அவர் வாசிப்பைக் கேட்டால் அந்த விஷயத்தை நம்புவதே கஷ்டம்.

அந்த ஆல்பத்தில் ‘லிங்கஸ்’ என்று ஒரு பாட்டு. ஐந்து எண்ணிக்கையில் தொடங்கும். தகதகிட போட்டுப் பழகிய கைக்கு உடனே பிடிபடும். நான்கு நிமிடம் கடந்ததும் மற்ற எல்லோரும் ஒதுங்கி வழிவிட, புரூக்ளின் சர்ச்சில் சின்னக் குழந்தையாக இருந்தபோதே ஆர்கன் முன் உட்கார்ந்த கோரி ஹென்றி, கீபோர்டில் ஆரம்பிக்கிறார். முதலில் இரண்டு மூன்று ஸ்வரங்கள், கேள்வி கேட்கிற மாதிரி. நடுவில் தாராளமாக மௌனம். பிறகு அதே சின்னத் துண்டைத் திருப்பிப் போடுகிறார், இழுக்கிறார், சுருதியை வளைத்து வேறு ராகத்துக்குள் நுழைந்த மாதிரி ஒரு பாய்ச்சல் போட்டு, நாம் விழுந்துவிட்டார் என்று நினைக்கும் இடத்தில் சரியாகக் காலை ஊன்றுகிறார். பக்கத்தில் நிற்கும் சக கலைஞர்களின் முகங்களைப் பாருங்கள். சிரிப்பு, தலையாட்டல், ‘இதெல்லாம் அநியாயம்’ என்கிற பாவனை. கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட வீடியோ அது. ஜாஸ் பெயரைக் கேட்டாலே ஓடுகிறவர்களும் அதைக் கடைசிவரை பார்த்துவிடுகிறார்கள் என்றால் காரணம் அந்த முகங்கள்தான். எங்கே வியக்க வேண்டும் என்று அவை கேட்பவருக்குச் சொல்லிக்கொடுக்கின்றன.

கிராமி வாங்கிக் கொடுத்த ‘சம்திங்’ அதே 2013 மார்ச்சில், வர்ஜீனியாவின் ரோனோக் நகரில் பதிவான ‘ஃபேமிலி டின்னர்’ ஆல்பத்தில் வருகிறது. அதில் பாட்டுக்கு ஒருவராகப் பாடகர்களை விருந்துக்கு அழைத்தார்கள். லேலா, சோல் இசையின் பெரிய பெயரான டானி ஹாத்தவேயின் மகள். பாட்டின் பின்பகுதியில் அவர் ஒரு காரியம் செய்கிறார்: ஒரே தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்வரங்கள். அதை அப்படியே நகர்த்தி, கீபோர்டு மாறும் இடத்தில் தானும் மாறுகிறார். வாசித்துக்கொண்டிருக்கும் கலைஞர்களுக்கே ஒரு கணம் கை மறக்கிறது.

வேன், கடன், சொந்த லேபிள்

விருதுக்கு முன்னால் பத்து வருடம் இருந்தது. ஒரு வேனில் வாத்தியங்களோடு பத்துப் பேர், ஊர் ஊராக. தெரிந்தவர் வீட்டுத் தரையில் படுக்கை. மேடையில் இருப்பவர்களைவிட எதிரே இருப்பவர்கள் குறைவாக இருந்த இரவுகள் உண்டு. நால்வர் குழு என்றாலே வரவு செலவு இடிக்கும். இவர்கள் பத்துப் பேர், அதிலும் வரிகள் இல்லாத இசை. பெரிய கம்பெனி எதுவும் இந்தக் கணக்குக்கு ஒப்புக்கொண்டிருக்காது. குழுவின் வட்டத்தில் ஏறத்தாழ 25 பேர் இருப்பதற்கும் இதுவே காரணம். எல்லோருக்கும் எரிக்கா படு, கர்க் ஃபிராங்க்ளின் போன்ற பெரிய இடங்களில் பிழைப்பு உண்டு. அந்தந்தப் பயணத்துக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள் மேடையேறுவார்கள். ஆளுக்கு ஆள் வாசிப்பு மாறும், அதனால் பாட்டும் மாறும். லீக் நடுவில் நின்று, பெரும்பாலும் தனி வாசிப்புக்கு ஆசைப்படாமல், பேஸைப் பிடித்துக்கொண்டு, விரலைக் காட்டி அடுத்து எங்கே போவது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ரோப்படோப் என்ற சிறிய கம்பெனியின் கிளையாகத் தொடங்கிய ‘கிரவுண்டப் மியூசிக்’ பிறகு அவர்களுடைய சொந்த லேபிளாக நிலைத்தது. வீடியோக்களை யூடியூபில் இலவசமாக விட்டார்கள். பார்த்தவர் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினார். போன ஊரில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். அந்த மாணவர் மாலையில் நான்கு நண்பர்களை அழைத்து வந்தார். 2017-ல் மயாமி பீச்சில் சொந்தமாக ஓர் இசை விழா தொடங்கினார்கள். 2019 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ஐயாயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்கில், கச்சேரி. அதைப் பதிவு செய்து வெளியிட்ட ஆல்பத்துக்கும் கிராமி கிடைத்தது. சுயாதீனம் என்பதை ஒரு விரதம் போலவும் வைத்துக்கொள்ளவில்லை. நெதர்லாந்தின் மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து செய்த ‘சில்வா’ (2015), ஜான் கோல்ட்ரேனின் ஆல்பங்கள் வெளிவந்த இம்பல்ஸ் கம்பெனி வழியாகத்தான் வந்தது. 2023 வரை மொத்தம் ஐந்து கிராமி.

குறை இல்லாமல் இல்லை. இது இசை மாணவர்களுக்கான இசை, பளபளப்பு அதிகம், வலி குறைவு என்று ஜாஸ் விமர்சகர்கள் சிலர் சொல்கிறார்கள். ஓரளவு ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். 2016-ல், எட்டு வருடங்களுக்குப் பிறகு ரசிகர்கள் யாரும் இல்லாமல் ஸ்டூடியோவில் அடைந்து செய்த ‘கல்ச்சா வல்ச்சா’ அதற்கு நல்ல உதாரணம். ஒலி துடைத்து வைத்தது போல் இருக்கிறது, ஆனால் மனசு ஒட்டவில்லை. கிராமிக் குழு வேறு மாதிரி நினைத்து அதற்கும் விருது கொடுத்தது. நான் அதை எடுத்துக் கேட்பதில்லை. ‘லிங்கஸ்’ தனி வாசிப்பை ஸ்வரம் பிசகாமல் நகலெடுத்து யூடியூபில் போடும் பிள்ளைகளைப் பார்த்தாலும் கொஞ்சம் வருத்தம்தான். ஒருவருடைய மனோதர்மத்தை இன்னொருவர் நெட்டுருப் போடுவதில் என்ன இருக்கிறது?

2022 மார்ச்சில் குழு மறுபடியும் டல்லாஸுக்கே வந்தது. பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், லெட்பெல்லி காலத்திலிருந்து புளூஸ் கேட்ட டீப் எல்லம் பகுதியில், ரசிகர்களுக்கு நடுவில் ‘எம்பயர் சென்ட்ரல்’ பதிவானது. பெர்னார்ட் ரைட் வந்து ‘டேக் இட்!’ பாட்டில் வாசித்தார். இரண்டே மாதம். மே 19 அன்று டல்லாஸில் சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி, 58 வயதில் இறந்துபோனார். செப்டம்பரில் ஆல்பம் வந்தபோது அவர் இல்லை. 2024 ஆகஸ்டில் ஷான் மார்ட்டினும் போய்விட்டார். டல்லாஸ் சர்ச்சிலிருந்து இந்த ஒலியைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் இரண்டு பேர் இன்று இல்லை.

பெங்களூரு வரை

லீக் இப்போது ஸ்பெயினின் கத்தலோனியாவில் வசிக்கிறார். மொராக்கோ, துருக்கி என்று காது வேறு திசைகளில் போய்க்கொண்டிருக்கிறது. நம் பக்கமும் வந்தது. பெங்களூரைச் சேர்ந்த வாரிஜாஸ்ரீ வேணுகோபால், கர்நாடக சங்கீதப் பயிற்சி உள்ளவர், புல்லாங்குழலும் வாசிப்பவர். சார்லி பார்க்கரோடு சேர்த்துப் பேசப்படும் ‘டோனா லீ’ என்ற கடினமான ஜாஸ் உருப்படியை ஸரிகமபதநி சொல்லி மின்னல் வேகத்தில் பாடிப் பெயர் வாங்கியவர். அவருடைய ‘வாரி’ ஆல்பத்தைத் தயாரித்தவர் லீக், வெளியிட்டது கிரவுண்டப், ஆண்டு 2024. ராகத்துக்குப் பின்னால் நாலு கார்டு போட்டு ‘ஃப்யூஷன்’ என்று விற்கும் ரகம் இல்லை அது. அலங்காரத்துக்கு ஓர் இந்தியக் குரல் என்று வைக்காமல், அந்தக் குரல் போகும் வழியில் மற்ற வாத்தியங்கள் போகின்றன. சர்ச்சில் பாடகி பின்னால் ஓடக் கற்ற காதுக்கு இது புதிதல்ல.

நம் ஊரில் சொந்தமாகக் குழு வைத்துக்கொண்டு, சினிமா வாய்ப்புக்குக் காத்திராமல் பாட்டுப் போடும் பிள்ளைகள் இன்று நிறைய பேர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவர்களுடைய சிக்கலான தாளக் கணக்கைக் காப்பியடிக்காதீர்கள். இருபது நாற்காலி போட்டு, இருபது ரசிகர்களை உட்கார வைத்து, ஒரே மூச்சில் பதிவு செய்யும் அந்தத் துணிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பவர்களுக்கு: ‘ஷோஃபுகான்’ பாட்டில் தொடங்குங்கள். கச்சேரிகளில் அதன் மெட்டை ரசிகர் கூட்டமே சேர்ந்து பாடும், வரி இல்லாவிட்டால் என்ன? அடுத்து ‘லிங்கஸ்’, அப்புறம் ‘சம்திங்’. எல்லாமே யூடியூபில் காசில்லாமல் கிடைக்கின்றன. தயவுசெய்து செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். லீக்கின் பேஸ் அதில் காணாமல் போய்விடும்.